எந்த நூற்றுக்கு? – பல்கலைக்கழக அனுமதி விவாதத்தில் வீதமும் மடங்கும் வாய்ப்பும்

ஈழத்தமிழரின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகும் எவரும் ‘தரப்படுத்தல்’ என்னும் சொல்லைக் கடந்து செல்லல் இயலாது. 1970களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீட்டுத் திண்ணைகளிலும் பாடசாலை முற்றங்களிலும் அச்சொல் பெருவழக்காய் இருந்தது. 1970 இல் தோன்றிய தமிழ் மாணவர் பேரவை அதனை எதிர்த்தே தன் குரலை எழுப்பிற்று. அவ்வெதிர்ப்பின் அரசியல் விளைவுகள் பலராலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின் அவ்விவாதத்துக்கு வேறொரு பக்கமும் உண்டு. யாருக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது, அது எவ்வளவு குறைந்தது, மற்றவர் வாய்ப்போடு ஒப்பிடுகையில் அது கூடியதா குறைந்ததா என்பனவே அதன் அடிப்படை வினாக்கள். புள்ளிவிபரவியலார் நிகழ்தகவு என்று கூறுவதையே மக்கள் வாய்ப்பு என்றும் சந்தர்ப்பம் என்றும் கூறினர். அதனை அளக்க அவர்கள் கைக்கொண்ட சொற்கள் ‘வீதம்’, ‘மடங்கு’, ‘பங்கு’ என்னும் அன்றாடச் சொற்களே. அச்சொற்கள் எதனைக் காட்டின, எதனை மறைத்தன என்பது இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

முதலில் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நோக்குவோம். 1970 மே மாதம் ஐக்கிய முன்னணி அரசு பதவியேற்றது. அதுவரை பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களுக்கான அனுமதி, பரீட்சையிற் பெற்ற புள்ளிகளின் வரிசைப்படியே வழங்கப்பட்டு வந்தது. தமிழ்ப் பரீட்சகர் தம் மாணவருக்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்றொரு வதந்தி அக்காலத்தே பரவிற்று. அது நிறுவப்படவில்லை. எனினும் அவ்வாண்டு அனுமதியில் இரு மொழி மூல மாணவருக்கும் இரு வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. நான்கு பாடங்களுக்கும் மொத்தமாக உள்ள 400 புள்ளிகளில், மருத்துவ பீடம் புகச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் வேண்டப்பட்டன. பொறியியலுக்கு அவை முறையே 227, 250. தமிழ் மொழி மூலம் என்றவிடத்து அது யாழ்ப்பாணத்துத் தமிழரை மட்டுமன்றி, அம்மொழியிற் பரீட்சை எழுதிய முஸ்லிம் மாணவரையும் மலையக மாணவரையும் உள்ளடக்கியது என்பது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

மருத்துவத்துக்கான இந்த 21 புள்ளி வேறுபாடு பெரிதா, சிறிதா? 400 இல் 21 என்பது நூற்றுக்கு 5 இனைச் சற்றே கடந்தது. 229 இனை அடியாகக் கொள்ளின் தமிழ் மாணவன் நூற்றுக்கு 9 கூடுதலாகப் பெறவேண்டியவனாகின்றான். 250 இனை அடியாகக் கொண்டு பார்த்தாலோ சிங்கள மாணவனுக்கு நூற்றுக்கு 8.4 குறைத்துக் கொடுக்கப்பட்டது. ஒரே வேறுபாட்டுக்கு மூன்று எண்கள். சலுகை அற்பமானது என்று காட்ட விரும்பியவர்க்கு முதல் எண்ணும், அநீதி பெரிது என்று காட்ட விரும்பியவர்க்கு இரண்டாம் எண்ணும் உவப்பாயிருத்தல் இயல்பே. ஆனால் உண்மையில் இம்மூன்றும் வாய்ப்பைப் பற்றி எதுவுமே கூறவில்லை. இவை புள்ளிகளின் வீதங்கள்; மாணவரின் வீதங்களல்ல. போட்டி மிகுந்த பரீட்சையொன்றில் வெட்டுப்புள்ளியின் அண்மையிலேயே மாணவர் நெருங்கி நிற்பர். அவ்விடத்தில் 21 புள்ளி என்பது ஒரு பெருங்கூட்டம் நிற்கும் வெளி. 250 இற்கு மேற் பெற்ற தமிழ் மாணவன் இம்முறையால் இழந்தது யாதுமில்லை. 249 பெற்றவனோ, பொதுவான வெட்டுப்புள்ளி ஒன்று இருந்திருப்பின் உள்ளே சென்றிருக்கக் கூடியவன், முற்றாக வெளியே நின்றான். ‘தமிழ் மாணவரின் வாய்ப்புக் குறைந்தது’ என்ற வாக்கியம் இவ்விருவரையும் ஒருங்கே சேர்த்துச் சராசரி காண்கிறது. முதலாமவனுக்கு அது பொய். இரண்டாமவனுக்கு அது போதாது.

இனி ‘மடங்கு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். துணியொன்றை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு உண்டாகும். எண்ணப்படுவது மடிப்பா, அடுக்கா என்ற ஐயம் இச்சொல்லின் பிறப்பிலேயே கலந்துள்ளது போலும். ‘விலை ஒரு மடங்கு கூடிற்று’ என்றால் இரட்டித்தது என்று பொருள் கொள்வோர் பலர். அவ்வாறாயின் ‘இரு மடங்கு கூடிற்று’ என்பது மூன்று பங்காயிற்று என்றன்றோ பொருள்படல் வேண்டும்? வழக்கில் அதனையும் இரட்டிப்பு என்றே கொள்வர். ‘நான்கு மடங்கு குறைவு’ என்ற தொடரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஒரு மடங்கு குறைந்தாலே எஞ்சுவது ஒன்றுமில்லை. நான்கு மடங்கு எங்ஙனம் குறைவது? ஆயினும் மேடைகளில் அது இன்றும் ஒலிக்கிறது. கேட்போர் நாலிலொன்று என உணர்ந்துகொள்கின்றனர். ‘மூன்றுக்கு ஒன்று’ என்பதும் இத்தகையதே. மூவருள் ஒருவருக்குக் கிடைக்கும் என்பதும், மூவர் தோற்க ஒருவர் வெல்வார், அதாவது நால்வருள் ஒருவருக்கே கிடைக்கும் என்பதும் அதே சொற்களுள் அடங்கிவிடுகின்றன.

இவை வெறும் சொல்லாராய்ச்சியன்று என்பதற்கு, இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஒரு தரவைக் காட்டலாம். 1969 இல் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 7 வீதத்தைக் கொண்ட வட மாகாணம், விஞ்ஞானத்துறைப் பீடங்களுக்குப் புகுந்தோரில் 27.5 வீதத்தினரை வழங்கிற்று. 1974 இல் இது 7 வீதமாயிற்று. இத்தரவிலிருந்து வடக்கின் வாய்ப்பு எத்தனை மடங்கு என்று கேட்போமாயின் விடை ஒன்றன்று. நாடு முழுவதன் சராசரியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நான்கு மடங்கு. வடக்கு நீங்கிய ஏனைய நாட்டோடு ஒப்பிட்டால், எஞ்சிய 93 வீத மக்களுக்கு எஞ்சிய 72.5 வீத இடங்கள் ஆதலின், ஐந்து மடங்கு. சராசரியிலும் மேலதிகமாகப் பெற்றதை மட்டும் கணக்கிட்டால் மூன்று மடங்கு. மூன்று, நான்கு, ஐந்து என்னும் இம்மூன்று விடையும் சரியே. வீழ்ச்சியையும் அவ்வாறே இரு விதமாகக் கூறலாம். 27.5 இலிருந்து 7 இற்கு இறங்கியது 20.5 வீத வீழ்ச்சி. அல்லது நூற்றுக்கு 74.5 வீத வீழ்ச்சி, அதாவது முக்காற்பங்கு இழப்பு. முதலாவது எண் புகுந்தோர் அனைவரையும் நூறாகக் கொண்டது. இரண்டாவது, வடக்கு முன்னர் பெற்றிருந்ததை நூறாகக் கொண்டது.

பொறியியற் பீடத்து எண்கள் இன்னும் வியப்புக்குரியன. அங்கு புகுந்தோருள் தமிழர் 1969 இல் 48.3 வீதம், 1974 இல் 16.3 வீதம். இதனை ‘மூன்றிலொரு பங்காகக் குறைந்தது’ என்று கூறின் அது சரி. ‘மூன்றிலொரு பங்கு குறைந்தது’ என்று கூறினும், மொத்த இடங்களில் 32 வீதம் கைமாறியது என்ற பொருளில், அதுவும் ஏறத்தாழச் சரியே. ‘ஆக’ என்னும் ஓர் உருபு நிற்பதும் நீங்குவதுமே வேறுபாடு. அவ்வுருபு நீங்கிய வாக்கியத்தை வாசிக்கும் ஒருவன், தமிழர் தம்மிடமிருந்ததில் மூன்றிலிரண்டு பங்கை இன்னும் வைத்திருக்கின்றனர் என எண்ணக்கூடும். உண்மையில் அவர்கள் இழந்ததே மூன்றிலிரண்டு பங்கு.

ஈழத்துத் தமிழில் இக்குழப்பத்துக்குத் தனியானதொரு காரணமும் உண்டு. தமிழகத்தார் ‘சதவீதம்’ என்றும் ‘விழுக்காடு’ என்றும் கூறுமிடத்து நாம் ‘வீதம்’ என்கிறோம். வீதம் என்பதன் பழைய பொருள் ‘இன்னதற்கு இவ்வளவு’ என்னும் அளவே. ஆளுக்கு ஐந்து ரூபா வீதம், ஏக்கருக்குப் பத்து மூடை வீதம் என்பன போல, ‘நூற்றுக்கு ஏழு வீதம்’ என்பதே முழுத் தொடர். அத்தொடரில் நூறு என்பது கண்முன்னே நின்றது, ‘எந்த நூறு?’ என்று கேட்பவனுக்கு இடமிருந்தது. காலப்போக்கில் ‘நூற்றுக்கு’ என்பது தேய்ந்து மறைய, ‘ஏழு வீதம்’ என்பது தனித்து நின்றது. அதனோடு பகுதியெண்ணும் மறைந்தது. தரப்படுத்தற் காலத்து வாதங்கள் பலவற்றிலும் காணாமற் போன பொருள் இந்த நூறேயாகும்.

அது எவ்வாறு காணாமற் போயிற்று என்பதைக் காணுதற்கு அடுத்தடுத்து வந்த முறைகளை ஒப்பிடல் வேண்டும். 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் இரு மொழி மூலங்களின் புள்ளிகளும் ஒரே இடையும் ஒரே நியம விலகலும் கொண்டனவாக மாற்றப்பட்டன. அதன் விளைவாக, ஒவ்வொரு மொழி மூலத்திலும் பரீட்சைக்குத் தோற்றியோரின் தொகைக்கு ஏறத்தாழ ஒத்த விகிதத்தில் இடங்கள் சென்றன. இங்கு நூறு என்பது பரீட்சார்த்திகளின் நூறு. மறு ஆண்டே, 1974 இல், மாவட்டப் பங்கீடு வந்தது. மாவட்டத்தின் சனத்தொகைக்கேற்ப இடங்கள் வகுக்கப்பட்டன. இங்கு நூறு என்பது குழந்தையும் முதியோரும் உட்பட்ட மக்கள் நூறு. இவற்றுக்கு முன் பழைய முறையிலோ நூறு என்பதே இல்லை. அங்கு கேட்கப்பட்டது ஒன்றே: ஒரே புள்ளி பெற்ற இருவர் ஒன்றாக நடத்தப்படுகின்றனரா? இம்மூன்றையும் அவ்வவற்றின் ஆதரவாளர் ‘சம வாய்ப்பு’ என்ற ஒரே பெயரால் அழைக்கலாம். பொருளும் உண்டு. ஆனால் ஒன்றில் சமமாவது மற்றொன்றில் சமமாவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஒரே அளவு சனத்தொகையுடைய இரு மாவட்டங்கள் உள்ளன என்க. ஒன்றில் ஆயிரம் மாணவர் விஞ்ஞானப் பரீட்சை எழுதுகின்றனர், மற்றதில் இருநூற்றுவர். ஒவ்வொன்றுக்கும் பத்து இடம். மக்கள் நூற்றை வைத்து நோக்கின் வாய்ப்புச் சமம். பரீட்சார்த்திகள் நூற்றை வைத்து நோக்கின், முதல் மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர், இரண்டாவதில் நூற்றுக்கு ஐவர். ஐந்து மடங்கு வேறுபாடு. முதல் மாவட்டத்து மாணவன் தான் வஞ்சிக்கப்பட்டதாகக் கூறுவான். இரண்டாம் மாவட்டத்தானோ, தன் ஊரில் ஆய்வுகூடம் உள்ள பாடசாலை இல்லாமையாற் பரீட்சை மண்டபத்தையே காணாத எண்ணூற்றுவரை நினைவூட்டுவான். பரீட்சைக்குத் தோற்றும் நிகழ்தகவு ஒன்று. தோற்றியபின் அனுமதி பெறும் நிகழ்தகவு மற்றொன்று. பிறந்த குழந்தையொன்று பல்கலைக்கழகம் புகும் நிகழ்தகவு இவ்விரண்டன் பெருக்கம். ஒருவன் பெருக்கத்தைப் பற்றிப் பேசினான். மற்றவன் பெருக்கும் எண்களுள் ஒன்றைப் பற்றிப் பேசினான். இருவரும் ‘வாய்ப்பு’ என்றே கூறினர்.

யாழ்ப்பாணக் குடாநாடு முதல் வகை மாவட்டமாக அமைந்தது தற்செயலன்று. 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரியைத் தொடங்கிய காலந்தொட்டு, மிஷன் பாடசாலைகளும் அவற்றுக்கு எதிராகவும் இணையாகவும் எழுந்த சைவப் பாடசாலைகளும் அங்கு அடர்ந்து வளர்ந்தன. வறண்ட நிலமும் அரச உத்தியோக நாட்டமும் கல்வியையே முதலீடாக்கின. விஞ்ஞானம் கற்போர் தொகை அதன் சனத்தொகைக்கு மிஞ்சி நின்றது. ஆதலால் பகுதியெண்ணைப் பரீட்சார்த்திகளிலிருந்து சனத்தொகைக்கு மாற்றிய அக்கணமே, ஒரு புள்ளியும் குறையாமல், குடாநாட்டு மாணவனின் நிகழ்தகவு வீழ்ந்தது. ஆனால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மாவட்டங்களின் மாணவருக்கு அதே மாற்றம் கதவைத் திறந்தது. அவருள்ளும் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தனர். கிளிநொச்சியோ 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்ததால், அங்குள்ள குடியேற்றத் திட்டத்துப் பிள்ளை யாழ் நகரத்துப் பிள்ளையோடு ஒரே நூற்றுள் நின்று போட்டியிட வேண்டியிருந்தது. ‘தமிழரின் வாய்ப்பு’ என்று பொதுப்படக் கூறியவர் இவ்வேறுபாட்டைப் பேசியது அரிது. மொழிவாரி முறைக்கும் மாவட்ட முறைக்கும் ‘தரப்படுத்தல்’ என்ற ஒரே பெயர் நிலைத்தமையும் இதற்குத் துணையாயிற்று. இரண்டும் ஒன்றல்ல. 1971 இன் இரு வெட்டுப்புள்ளிகளை எந்த நூற்றைக் கொண்டும் நியாயப்படுத்தல் அரிது. மாணவனின் வறுமையையோ பாடசாலையின் குறையையோ அது நோக்கவில்லை, அவன் எழுதிய மொழியை மட்டுமே நோக்கியது. மாவட்ட முறைக்கு ஒரு நியாயம் உண்டு. அதன் அளவைப் பற்றியே வாதிடலாம். இரண்டையும் ஒரு சொல்லுள் அடக்கியமையால் வலிய வாதம் மெலிய வாதத்தோடு பிணைந்து தன் வலிமையை இழந்தது.

மொழிவாரித் தரப்படுத்தலின் கணிதமும் இவ்விடத்து நோக்கற்பாலது. இரு கூட்டங்களின் புள்ளிகளை ஒரே இடைக்குக் கொணர்வது, அக்கூட்டங்களின் உண்மைத் திறமை சமம், வேறுபாடு முழுவதும் வினாத்தாளாலோ பரீட்சகராலோ நேர்ந்தது என்ற எடுகோளின் மீது நிற்கிறது. பாடங்களுக்கிடையே அவ்வெடுகோள் பொருந்தலாம். ஒரு பாடம் கடினமாகவும் மற்றது இலகுவாகவும் இருக்கலாம். இரு மாணவர் கூட்டங்களுக்கிடையே அது நிறுவப்பட வேண்டிய ஒன்றேயன்றி ஏற்றுக்கொள்ளப்பட வேண்டிய ஒன்றன்று. இதனைப் ‘புள்ளிகளைத் தரப்படுத்தினோம்’ என்று கூறும்போது, ‘தரம்’ என்ற சொல்லின் நன்மணம் எடுகோளை மூடிவிடுகிறது. தரத்தைப் பேணும் செயலை யார் எதிர்ப்பர்?

இன்னொரு மயக்கம் இவற்றினும் ஆழமானது; அது எண்ணில் இல்லை, வாக்கியத்தின் திசையில் உள்ளது. ‘பொறியியல் புகுந்தவரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் தமிழர்’ என்பது 1969 ஐப் பற்றிய உண்மை. ‘தமிழ் மாணவரில் அரைவாசிப்பேர் பொறியியல் புகுந்தனர்’ என்பது நகைப்புக்குரிய பொய். ஆனால் பேச்சில் ‘தமிழருக்கு அரைவாசி’ என்று சுருங்கும்போது முதலாவது இரண்டாவதாக உருமாறிவிடுகின்றது. தெற்கிற் கேட்டவர் அதனைத் தமிழ் மாணவனுக்கு இருந்த இலகுவான வழியாகக் கண்டனர். ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கீழ் நின்ற பெருந்தொகையான தமிழ் மாணவர் அந்த அரைவாசியுள் எங்கும் எண்ணப்படவில்லை. புகுந்தவரின் நூறு வேறு; முயன்றவரின் நூறு வேறு.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மொழிவாரித் தரப்படுத்தல் வந்த அதே 1973 இல், அமெரிக்காவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழகப் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 வீதத்தினரும் பெண்களில் 35 வீதத்தினரும் அனுமதி பெற்றனர். பெண்களுக்கு அநீதி நிகழ்ந்தது என்பதே எவர்க்கும் தோன்றும் முடிபு. பிக்கல் முதலிய மூவர் 1975 இல் வெளியிட்ட ஆய்வு, துறை துறையாகப் பிரித்து நோக்கியபோது அத்தகைய பொதுவான பாகுபாடு காணப்படவில்லை எனக் காட்டிற்று. பெண்கள் மிகுதியும் போட்டி கடினமான துறைகளுக்கே விண்ணப்பித்திருந்தனர். எல்லாத் துறைகளையும் ஒரே நூற்றுள் அடைத்தமையே மயக்கத்தின் காரணம். இலங்கையில் நிலைமை நேர்மாறானது. இங்கு பாகுபாடு வெட்டுப்புள்ளிப் பட்டியலில் எழுத்தில் இருந்தது. அதனைக் கண்டுபிடிக்க ஆய்வு வேண்டியதில்லை. ஆயினும் கலைப்பீடம், விஞ்ஞான பீடம், மருத்துவம், பொறியியல் அனைத்தையும் சேர்த்துப் பேசியவர்க்கு ஒரு தோற்றமும், பிரித்துப் பேசியவர்க்கு வேறொரு தோற்றமும் கிடைத்தமை இங்கும் நிகழ்ந்ததே.

அடுத்து வந்த மாற்றங்கள் பகுதியெண்களைக் கலந்தனவேயன்றி அவ்வினாவைத் தீர்க்கவில்லை. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றிற்று. அது 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1977 இல் ஆட்சி மாறியபோது தரப்படுத்தல் கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 1979 அளவில் திறமை அடிப்படையில் 30 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 வீதம் என்ற பங்கீடு நிலவிற்று. இப்போது அவை 40, 55, 5 வீதம். மூன்று வேறு நூறுகள் ஒரே அனுமதிப் பட்டியலுள் அருகருகே வாழ்கின்றன. ‘எனக்கு என்ன வாய்ப்பு?’ என்று கேட்கும் உயர்தர மாணவனுக்கு, அவன் எந்த வரிசையில் நிற்கிறான் என்று அறியாமல் விடை கூறல் இயலாது.

2001 முதல் மூலப்புள்ளிகளுக்குப் பதிலாக இசட் புள்ளி வழக்குக்கு வந்தது. ஒரு மாணவன் தன் பாடத்தின் இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தூரத்தில் நிற்கிறான் என்பதை அது அளக்கும். மொழியால் மாணவரைப் பிரிக்காது, பாடங்களுக்கிடையே உள்ள கடினத்தை மட்டும் சமப்படுத்துவது அதன் நோக்கம். எனினும் 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் இரு வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதியிருக்க, அவர்களின் இசட் புள்ளிகளைக் கணிக்கையில் இரு கூட்டங்களும் ஒன்றாகக் கலக்கப்பட்டன. தம் வரிசை பிறழ்ந்தது கண்ட மாணவர் உயர்நீதிமன்றை நாடினர். 2012 இல் நீதிமன்று அக்கணிப்பை இரத்துச்செய்து, இரு கூட்டங்களுக்கும் தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. வழக்காடியவருள் வடக்கென்றும் தெற்கென்றும் வேறுபாடு எழவில்லை. அவ்வாண்டு நீதிமன்றின் முன் நின்ற வினா, 1973 இல் யாரும் சொற்களிற் கேட்காத அதே வினாவாகும்: இந்த இடை எந்தக் கூட்டத்தின் இடை, இந்த நூறு யாருடைய நூறு?